உடைந்த மணியின் ஊர்

கயிற்றை இழுத்தவள் ஒரு பெண். இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, தரைவரைக்கும் ஓர் இழுப்பு. மேலே மணி கணீரென்று அடித்தது. கோபுரத்து இடுக்கில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பருத்திக் காட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டன.

துப்பறியும் நந்தகோபால் மணியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சீனித்தாயின் முகத்தைப் பார்த்தார். அவருடைய உதவியாளன் ஹுமாயூனும் அதைத்தான் பார்த்தான்.

சீனித்தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒலி தேய்ந்து காற்றோடு போகிறவரைக்கும் இமையைத் திறக்கவில்லை. பிறகு தலையை அசைத்தாள்.

"இது இல்ல தம்பி. இது நல்ல மணி" என்றாள் மெதுவாக.

ஹுமாயூன் அண்ணாந்து பார்த்தான். மணி தொங்கிய சங்கிலி அவனுடைய தொடைப் பருமன் இருந்தது. ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி.

"ஏன் தாயி, மணி ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சு ஓடிரும்னா இம்புட்டுப் பெரிய சங்கிலியில கட்டிப் போட்டிருக்கிய?"

அந்தப் பெண் சிரித்தாள். "அது கப்பல் நங்கூரச் சங்கிலி அண்ணாச்சி. அந்தக் காலத்துல தூத்துக்குடியில ஒரு தோணிக்காரரு கடல்ல இருந்து தப்பிச்சு வந்து நேர்ச்சையாக் கொடுத்தாராம்."

"மணியும் பழசுதானா?" என்று கேட்டார் நந்தகோபால்.

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இதே மணிதான்."

நந்தகோபால் தலையாட்டினார். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சீனித்தாயிடம் நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கிய. குடிங்க பெரியம்மா."

சீனித்தாய் வாங்கிக் குடித்தாள். "உன் பேரு என்ன தாயி?"

"அமலோற்பவம். அமலின்னுதான் கூப்பிடுவாவ."

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூவரும் காருக்கு நடந்தார்கள். அந்த ஊருக்குச் சந்தியாகபுரம் என்று பெயர். கோவில்பட்டியிலிருந்து போகிற ரோட்டை விட்டு நாலு மைல் உள்ளே, கரிசல் காட்டுக்கு நடுவே, இருநூறு வருஷத்துக் கிறிஸ்தவக் கோயிலும் முப்பது வீடுகளும். அன்றைக்கு அவர்கள் பார்த்த முதல் கோயில் அது.

மதுரையில் நந்தகோபாலின் மாடி அறைக்கு இதுவரை தொலைந்துபோன நகையைத் தேடி வந்திருக்கிறார்கள். ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒரு மணிச் சத்தத்தைத் தேடிக்கொண்டு வந்தவள் சீனித்தாய் ஒருத்திதான்.

அவள் இலங்கையில் பதுளையிலிருந்து வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பார்த்தால் அறுபது சொல்லலாம். கோவில்பட்டிச் சீமையில்தான் பிறந்து வாக்கப்பட்டவள். யுத்தக் காலத்தில் வந்த பேதியில் புருஷன் போனான். கைக்குழந்தையோடு இருந்த அவளுக்கும் நோய் கண்டது. அண்ணன் இரண்டு பேரையும் மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வழியில் ஒரு கோயில். 'இவ பால் குடிச்சா பிள்ளையும் போயிரும்' என்று சொல்லி, அங்கே இருந்த ஒரு பொம்பளையின் கையில் குழந்தையைக் கொடுக்க வைத்தான். தன் பேரைச் சொல்லி, ஒரு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சீனித்தாயே தன் வாயால் சொன்னாள். காய்ச்சல் மயக்கத்தில் அவளுக்கு ஊர் தெரியவில்லை, திசை தெரியவில்லை. குழந்தை கை மாறிய நேரத்தில் அடித்த மணி மட்டும் காதில் தங்கிவிட்டது. உடைந்த அண்டாவைக் கரண்டியால் அடித்தது போல ஒரு சத்தம்.

பிழைத்து எழுந்தவளை அண்ணன் கப்பலேற்றி, பதுளையில் கடை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டி வைத்தான். அந்த மனிதரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணன் கடைசிவரை ஊர் பேரைச் சொல்லாமலே செத்தான். போன வருஷம் கடைக்காரரும் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்த இடத்துக்கு, சீனித்தாய் பத்தொன்பது வருஷம் கழித்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"பிள்ளையைத் தேடுறோம்னு எங்கேயும் மூச்சு விடாதே" என்று ஹுமாயூனிடம் நந்தகோபால் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சிலோன்லேருந்து வந்த அம்மா தேடுதுன்னு தெரிஞ்சா ஊருக்கு ஒரு பிள்ளை கிளம்பி வரும். நாம பழைய கோயில் பார்க்க வந்தவங்க. மணியை மட்டும் தேடுவோம். மணிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அதனால் அவர்கள் கோயில் கோயிலாகப் பார்த்தார்கள். ஓர் ஊரில் பிரசங்க மேடை தோணியின் முனை மாதிரி மரத்தில் செதுக்கியிருந்தது. இன்னோர் ஊரில் வெள்ளைக்காரக் கேப்டனின் கல்லறை மேல் ஒரு வெள்ளாடு ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. புதியம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் மணி அடித்தபோது பக்கத்து வீடுகளில் ஓடிய தையல் மிஷின்களின் கடகடப்பில் பாதிச் சத்தம் கேட்காமல், மறுபடியும் அடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் இடிந்து கிடந்த கோட்டை மேட்டின் நிழலில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, மூணு நாளா நான் பார்த்த கோயில் கணக்கு எங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைச் சொந்த ஊர் கயத்தாறு எல்லைக்குள்ளயே விடமாட்டா" என்றான் ஹுமாயூன். "போற இடத்துல எல்லாம் சாமியார் என்னைத்தான் 'வாங்க சகோதரரே'ங்கார். உங்களை ஒருத்தரும் கூப்பிடலை."

"மூஞ்சியில களை வேணும்டா."

சீனித்தாய்கூட அதற்குச் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் மணி அடித்து முடிந்ததும் தலையை அசைத்தாள். அசைக்கிற ஒவ்வொரு தடவையும் கழுத்து கொஞ்சம் தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியாகப் பார்த்த கோயிலில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஹுமாயூன்தான் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்து வந்தான்.

வெயில் தாழட்டும் என்று கோவில்பட்டிக்குத் திரும்பினார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில், 'பழம்பொருள் காட்சிச்சாலை, அனுமதி இலவசம், செருப்பை வெளியில் விடவும்' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. ரிட்டயரான டிராயிங் மாஸ்டர் இஸ்ரவேல் தன் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நடத்திவந்த காட்சிச்சாலை. பழைய கோயில்களைப் பற்றி இவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நந்தகோபால் ஹுமாயூனோடு உள்ளே நுழைந்தார். சீனித்தாய் வரவில்லை. வேப்பமர நிழலில் காருக்குள்ளேயே சாய்ந்துகொண்டாள்.

மாஸ்டருக்கு ஆள் வந்ததில் அவ்வளவு சந்தோஷம். பீரங்கிக் குண்டு, முதுமக்கள் தாழி, ராஜா காலத்துக் காசு, கோவில்பட்டித் தீப்பெட்டிகளின் ஆதி காலத்து லேபில்கள், ஒற்றைக் காலுக்கு மட்டும் ஒரு துரை பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னொரு பூட்ஸ் எங்க ஐயா?" என்றான் ஹுமாயூன்.

"அதான் தெரியலை தம்பி."

"துரை நொண்டிக்கிட்டே லண்டன் போயிருப்பார்."

பூட்ஸுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு வெண்கல மணி கவிழ்ந்து கிடந்தது. பச்சை பூத்து, வாயோரம் ஒரு விரற்கடைக்கு விரிசல். 'பழைய மணி. ஊர் தெரியவில்லை' என்று ஓர் அட்டை. ஹுமாயூன் சும்மா இருக்கமாட்டான். அதைக் கட்டையை வைத்து நிமிர்த்தி, கையிலிருந்த கார்ச் சாவியால் ஒரு தட்டுத் தட்டினான்.

அடித்த சத்தத்தைக் கேட்டதும் அவனே கையை இழுத்துக்கொண்டான். அது மணிச் சத்தமே இல்லை. உடைந்த அண்டாவின் சத்தம்.

வெளியே கார்க் கதவு திறந்து அறைந்தது. அடுத்த கணம் சீனித்தாய் வாசலில் நின்றாள். செருப்பில்லை, தலைப்புத் தோளில் இல்லை. யாரையும் பார்க்காமல் நேரே வந்து மணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த விரிசலின் மேல் விரலை வைத்துத் தடவினாள். குழந்தையின் உதட்டைத் தொடுகிற மாதிரித் தொட்டாள்.

"இன்னொரு தடவை அடி தம்பி."

ஹுமாயூன் அடித்தான்.

"இதுதான்" என்றாள். மணியைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் இஸ்ரவேல் ஒன்றும் புரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இது எங்கேயிருந்து வந்தது?" நந்தகோபாலின் குரல் சட்டென்று வேகமாகியிருந்தது.

"பாத்திரக்கடையில உருக்கப் போட்டிருந்தாங்க. பார்த்துப் பரிதாபப்பட்டு வாங்கினேன். பதினைஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும். எந்த ஊர்க் கோயில் மணின்னு கடைக்காரருக்கே தெரியலை. இப்போ அவரும் இல்லை."

நந்தகோபால் குனிந்தார். மணியின் தலைப்பக்கக் காதில் ஒரே ஒரு இரும்பு வளையம் துருவேறிச் சிக்கிக்கொண்டிருந்தது. கழற்ற முடியாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நீள்வட்டமான, தொடைப் பருமனுள்ள வளையம். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி.

"ஹுமாயூன், இதை இதுக்கு முந்தி எங்கேயாவது பார்த்திருக்கியா?"

ஹுமாயூன் பார்த்தான். "மணி ஓடிரும்னு கட்டிப் போட்டிருக்கியளான்னு கேட்டேனே அண்ணாச்சி. சந்தியாகபுரம். மொதக் கோயில்."

"உன்னோட பகடி ஒண்ணு முதல்முறையா எனக்கு உபயோகப்பட்டிருக்கு."

"ஆனா அந்தப் பொண்ணு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இதே மணிதான்னு சொல்லுச்சே?"

"பொய் சொல்லலை. நான்தான் கேள்வியைத் தப்பான ஆள்கிட்ட கேட்டேன்." நந்தகோபால் நிமிர்ந்தார். "அவளுக்கு என்ன வயசிருக்கும்? பதினெட்டு, பத்தொன்பது. அவளுக்கு நினைவு தெரியிறதுக்கு முன்னாடியே மணியை மாத்தியிருந்தா?"

பத்தொன்பது என்ற சொல் வெளியே வந்த பிறகுதான் மூன்று பேருக்குமே அது உறைத்தது.

சீனித்தாய் மணியை விட்டு மெல்லத் தலையைத் தூக்கினாள். "எனக்குத் தண்ணி கொடுத்துச்சே" என்றாள்.

"அம்மா, எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாம நான் எதையும் சொல்லமாட்டேன்."

"நான் வாங்கிக் குடிச்சிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன். முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கலையே தம்பி."

கார் கிளம்பி மெயின் பஜாரைத் தாண்டும்போது அவள் நிறுத்தச் சொன்னாள். வளையல் கடையில் சிவப்புக் கண்ணாடி வளையல் கேட்டாள். என்ன அளவு என்றார் கடைக்காரர். அவளுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் நாலைந்து அளவுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பின்சீட்டில் வைத்த பொட்டலத்தை ஊர் வரும்வரை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தாள். ஹுமாயூன் கண்ணாடியில் பார்த்தான். காரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

சந்தியாகபுரத்தில் நந்தகோபால் அவளை இறங்க வேண்டாம் என்றார். "நான் முதல்ல பேசிட்டு வந்துடறேன். கொஞ்சம் பொறுங்க."

கோயிலை ஒட்டிய ஓட்டு வீட்டு முற்றத்தில் ஓர் அம்மாள் முறத்தில் பருத்திக் காயை உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். கோயிலைக் கவனித்துவந்த, காலஞ்சென்ற உபதேசியாரின் மனைவி மதலேனம்மாள். இவர்கள் முதலில் வந்த அன்றைக்குத் தூத்துக்குடிக்குப் போயிருந்தாளாம். அமலி காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போயிருக்கிறாள் என்றாள். கோயில் பார்க்க வந்தவர்கள் என்றதும் சிரித்த முகமாகப் பாயை விரித்தாள்.

"இந்தக் கோயில்ல முன்னாடி விரிசல் விட்ட மணி ஒண்ணு இருந்ததாமே அம்மா?"

"ஆமா, இடி விழுந்து கீறிப் போச்சு. யுத்தம் முடிஞ்ச மறுவருசம் புது மணி வந்தது. அதை உருக்கக் கொடுத்துட்டோம்." காயை உடைத்த கை நின்றது. "அதையா தேடி வந்தியோ?"

"அந்த மணி இருந்த காலத்துல ஒரு குழந்தையை இங்கே விட்டுட்டுப் போனாங்க."

மதலேனம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பஞ்சு காற்றில் பறந்தது; அதை எடுக்கவில்லை. "அவிய உசிரோட இருக்காவளா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"ஒரு வாரத்துல வாரேன்னாவ ஐயா. நான் வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசல்ல வந்து பார்ப்பேன். ரெண்டு வருசம் பார்த்தேன். மூணாவது வருசம் வந்தா எப்படிக் கொடுக்கன்னு பயப்பட ஆரம்பிச்சேன். எனக்குப் பிள்ளை இல்லை."

"யாரும் உங்களைக் குத்தம் சொல்ல வரலை அம்மா" என்றான் ஹுமாயூன்.

"நீங்க முழுசாக் கேளுங்க." அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். அங்கன பிள்ளைய இவளை 'வீசிட்டுப் போன பிள்ளை'ன்னு கூப்பிட்டுச்சுவ. ஒருநாள் அழுதுக்கிட்டு வந்து, 'எங்க அம்மைக்கு நான் ஏன் வேண்டாம்'னு கேட்டா. சாப்பிடலை, தூங்கலை, மூணு நாளா அதே கேள்வி. எனக்குத் தாங்கலை. ஒரு பொய் சொல்லிட்டேன். வெறும் வாய்ப்பொய்யாச் சொன்னா நம்பமாட்டாளேன்னு…" மேலே சொல்லாமல் கோயிலின் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

ஹுமாயூன் எழுந்து போனான்.

பின்னால் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். ஓரத்தில் பேதிக் காலத்தில் வழியில் செத்தவர்களைப் பேர் தெரியாமல் புதைத்த மேடு. அந்த மேட்டின் தலைமாட்டில் ஒரே ஒரு கல் நட்டிருந்தது. வெள்ளையடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அடியில் அரளிப்பூ. எழுத்தை வாசித்தான்.

'சீனித்தாய். சமாதானத்தில் இளைப்பாறுக.'

இரண்டாம் தடவையும் வாசித்தான். எழுத்து மாறவில்லை.

"அது எங்க அம்மா."

திரும்பினான். அமலி நின்றாள். இடுப்பில் பருத்தி மடி, கையில் புதிதாகப் பறித்த அரளி. "அன்னைக்கு மணி பார்க்க வந்த அண்ணாச்சிதானே? திரும்பவும் வந்திருக்கிய?"

"ஆமா தாயி."

"வீட்டுல இருக்கிற அம்மா வளர்த்தவிய. இவிய பெத்தவிய." பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைத்தாள். "பேதி வந்து நடக்கவே முடியலையாம். ஆனாலும் என்னைத் தூக்கிக்கிட்டே இந்த வாசல் வரைக்கும் வந்து, அம்மா கையில கொடுத்த பெறகுதான் கீழ விழுந்தாவளாம். சாகுற வரைக்கும் என்னைக் கீழ வைக்கலையாம் அண்ணாச்சி."

அவள் குரலில் துக்கம் இல்லை. பெருமை இருந்தது. அதைக் கேட்க முடியாமல் ஹுமாயூன் முகத்தைத் திருப்பினான். திருப்பிய பக்கத்தில் சீனித்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

அவளால் காரில் உட்கார்ந்திருக்க முடியவில்லை போலும். மார்போடு வளையல் பொட்டலம். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, எதுவரைக்கும் கேட்டாளோ! ஹுமாயூன் குறுக்கே போய், "அக்கா, வாங்க, கார்ல போய் இருப்போம்" என்று கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"யாரு கல்லறை தாயி அது?"

"வாங்க பெரியம்மா. எங்க அம்மாது."

"பேரு?"

"சீனித்தாய்."

அந்தப் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டதும் சீனித்தாய் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். வெயில் என்று நினைத்து அமலி அவளைப் பிடித்து மேட்டின் ஓரத்தில் உட்காரவைத்தாள். தலைப்பால் விசிறினாள். சீனித்தாய் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; மூன்று நாளைக்கு முன் பார்க்காமல் போன முகத்தை.

"தாயி, ஒண்ணு கேக்கட்டா? உங்க அம்மா ஒருவேளை சாகலைன்னா? எங்கயோ பிழைச்சுக் கிடந்து, இப்போ உன்னைத் தேடிக்கிட்டு வந்தா?"

ஹுமாயூன் ஓர் அடி முன்னால் வைத்தான். இதோ சொல்லிவிடப் போகிறாள்.

அமலி விசிறிய தலைப்பை நிறுத்தி யோசித்தாள். அப்படியொரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அப்படி வந்தா அது எங்க அம்மாவா இருக்காது பெரியம்மா" என்றாள். "உசிரோட இருந்துக்கிட்டு இத்தனை வருசம் என்னைப் பார்க்க வராம இருப்பாவளா? எங்க அம்மா அப்படிப்பட்டவ இல்லை. செத்துப் போனதாலதான் வரலை. அது எனக்குத் தெரியும்."

மெதுவாக, ஆறுதல் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். சீனித்தாய் தலையை ஆட்டினாள். "ஆமா" என்றாள். "ஆமா தாயி. அப்படித்தான் இருக்கும்."

அப்போதுதான் நந்தகோபாலும் மதலேனம்மாளும் அங்கே வந்தார்கள். மதலேனம்மாள் சீனித்தாயைப் பார்த்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் சாம்பலாயிற்று. ஆனாலும் முன்னால் வந்து, மகளின் தோளில் கை வைத்தாள்.

"அமலி, உன்கிட்ட அம்மா ஒண்ணு சொல்லணும். இந்தக் கல்லு…"

"நானே சொல்லுதேன்" என்று இடைமறித்தாள் சீனித்தாய். எழுந்து நின்றாள். "தாயி, நான் உங்க அம்மாகூட ஒண்ணா வளர்ந்தவ. சிலோன்ல இருந்து வாரேன். இங்கன அவளைப் புதைச்சிருக்குன்னு கேள்விப்பட்டுக் கும்பிட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு மதலேனம்மாளின் காலில் விழுந்தாள். மதலேனம்மாள் பதறி அவளைத் தூக்கினாள். "எங்க பிள்ளைய வளர்த்தியளே" என்றாள் சீனித்தாய். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஹுமாயூனுக்கு உள்ளே கொதித்தது. நந்தகோபாலின் பக்கம் போய்க் காதோரம் சொன்னான். "அண்ணாச்சி, என்ன இது? சொல்லிரலாம்லா? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"மணியைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சுட்டோம்." நந்தகோபால் அவனைப் பார்க்கவில்லை. "இதுக்கு மேல அந்த அம்மாவோட இஷ்டம்."

அமலியின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "எங்க அம்மாவை நீங்க பார்த்திருக்கியளா பெரியம்மா? நெசமாவா? அவிய எப்படி இருப்பாவ? இந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்காவ. அவியளுக்கும் முகம் மறந்துபோச்சு. சொல்லுங்களேன்."

சீனித்தாய் கல்லைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"உன் உசரம்தான் இருப்பா. கருப்பு. முடி அம்புட்டு நீளம், வாரி முடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு அரைகுறையாச் சுத்தி வச்சிருப்பா. கம்பங்கூழுன்னா உசிரு. அவளுக்குப் பாடத் தெரியாது. ஆனா பாடுவா. உன்னைத் தூங்கவைக்கன்னு அவ பாடுனா தெருவே முழிச்சிக்கிடும். உங்க அப்பன் காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுவான்."

அமலி வாய்விட்டுச் சிரித்தாள். "அவிய சிரிப்பாவன்னுகூட நான் நினைச்சதில்லை பெரியம்மா. எப்பவும் அழுதுக்கிட்டே இருப்பாவன்னுதான் நினைச்சேன்."

"அழல. உன்னை வச்சிருந்த நாள்ல ஒருநாளும் அழல. உன்னை ஆவுடைன்னு கூப்பிடுவா. ஆவுடைத்தாய்."

"ஆவுடை" என்று அமலி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை, வேறு மாதிரி.

சீனித்தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். வளையலை அவள் கையில் போட்டுவிடப் பார்த்தாள். அது விரல்களைத் தாண்டி, முட்டியில் நின்றுவிட்டது. பருத்தி எடுத்துக் காய்த்துப்போன கை.

"இது சின்னப் பிள்ளை வளையல்லா!" என்றாள் அமலி சிரித்துக்கொண்டே. "பரவாயில்லை, வச்சிக்கிடுதேன். கொஞ்சம் பூ போடுங்க பெரியம்மா. நீங்க போட்டா அம்மாவுக்குச் சந்தோசமா இருக்கும்."

அரளியை அள்ளி அவள் கையில் வைத்தாள். சீனித்தாய் வாங்கிக்கொண்டாள். தன் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு பூவாக வைத்தாள். வைத்து முடிக்க நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. மதலேனம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது அமலி கார்வரைக்கும் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "திரும்பவும் வருவியளா? அம்மாவைப் பத்திச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்லை" என்றாள்.

"வாரேன்."

எத்தனை நாளில் என்று அவள் இந்தத் தடவை சொல்லவில்லை.

ஹுமாயூன் காரை எடுத்தான். வண்டிப் பாதையில் கரிசல் புழுதி எழும்பிப் பின்கண்ணாடியை மறைத்தது. நந்தகோபால் சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தார் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று ஹுமாயூன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

"தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்கக்கா."

"எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கல்லுல என் பேரைப் பிழையில்லாம எழுதியிருக்காவளா?"

ஹுமாயூன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். "சரியாத்தான் எழுதியிருக்குக்கா. ஒரு எழுத்து விடலை."

"அப்ப சரி" என்றாள் சீனித்தாய்.